பேக்கேஜ் டூர் முடிந்ததும் நாலு நாள் கூடத் தங்குவது எப்படி: வடசென்னையிலிருந்து சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு

மண்ணடி, பாரிமுனை, பெரம்பூர் பக்கம் எந்த டிராவல்ஸில் விசாரித்தாலும் சிங்கப்பூர்–மலேசியா பேக்கேஜ் ஒன்று கையில் இருக்கும். 5 இரவு, 6 பகல். அதில் போகிற நாளும் வருகிற நாளும் கழிந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் ஒரு நாள் போகும். சாக்லேட் கடையிலும் ஷாப்பிங் சென்டரிலும் இறக்கிவிட்டு அரை நாளைத் தின்றுவிடுவார்கள். பத்து மலைப் படியேறி இறங்கி மூச்சு வாங்குவதற்குள் "பஸ் கிளம்புது" என்ற குரல் வந்துவிடும்.

ஆகப் பெரிய செலவான விமான டிக்கெட்டை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் 3, 4 நாள் தங்க ரூம் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மட்டும்தான் ஆக வேண்டும். நடப்பது வேறு. அட்வான்ஸ் கட்டி, டிக்கெட் போட்ட பிறகு "நாங்க நாலு நாள் கழிச்சு வர்றோம்" என்று சொல்பவர்களுக்குச் செலவு இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. கூடத் தங்குவதைப் பற்றிய எல்லா முடிவும் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே எடுக்க வேண்டியவை.

எந்தப் பேக்கேஜைத் தேர்ந்தெடுப்பது

டூர் எந்த ஊரில் முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். ஒரே விலையில் இரண்டு பேக்கேஜ் இருந்தால், சிங்கப்பூரில் தொடங்கி கோலாலம்பூரில் முடிவதை எடுங்கள். சிங்கப்பூரில் பலர் சேர்ந்து படுக்கும் டார்மிட்டரியில் ஒரு படுக்கைக்கே சுமார் 30 முதல் 60 சிங்கப்பூர் டாலர் ஆகும். அந்தப் பணத்துக்குக் கோலாலம்பூரில் இரண்டு பேர் தனி ரூமிலேயே தங்கலாம்.

விசாவும் இதே பக்கம்தான் சாய்கிறது. சிங்கப்பூருக்கு இந்தியர்கள் விசா எடுத்தே ஆக வேண்டும். மலேசியாவோ 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் வரை தங்க விடுகிறது; இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பேக்கேஜில் போகும் 2, 3 நாளைக் கழித்தாலும் மீதி தாராளமாக இருக்கும்.

சீனா போன்ற நாடுகளுக்குக் குரூப் விசாவில் கூட்டிப் போனால், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் குழுவோடுதான் வர வேண்டும். அந்த விசாவில் குழு போன பிறகு கூடத் தங்க வழியே இல்லை. தனி விசா எடுத்துத் தந்தால் மட்டும் மேலே யோசியுங்கள்.

ரிட்டர்ன் டிக்கெட்தான் எல்லாம்

டூர்க்காரர்கள் வாங்குவது குரூப் டிக்கெட். பெரும்பாலும் 10 பேருக்கு மேல் சேர்ந்தால்தான் விமானக் கம்பெனி அந்த விலையைத் தரும். எல்லோரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வர வேண்டும் என்பது அந்த விலையின் நிபந்தனை. "டேட் சேஞ்ச் கிடையாது" என்று டூர்க்காரர் சொன்னால் அது பிடிவாதம் இல்லை. உங்கள் இருவரை அந்த பிஎன்ஆரிலிருந்து, அதாவது குழுவின் ஒரே புக்கிங் எண்ணிலிருந்து, பிரித்தால் மற்றவர்களின் விலையும் கெடலாம் என்று பயப்படுகிறார். டிக்கெட் போடும் முன்பே சொன்னால் உங்கள் பெயரை வேறு பிஎன்ஆரில் போட அவருக்கு வழி இருக்கும்.

வழிகள் மூன்று.

முதல் வழி, போகும்போது குழுவோடு, வரும்போது வேறு தேதி. டிராவல்ஸில் இதை டீவியேஷன் என்பார்கள். விமானக் கம்பெனி அனுமதித்தால் ஆளுக்கு ஒரு கட்டணமும் டிக்கெட் விலை வித்தியாசமும் கேட்பார்கள். வேலை குறைவு, ஒரே டிக்கெட், லக்கேஜும் அதே அளவு.

இரண்டாவது, லேண்ட் பேக்கேஜ். அதாவது ஹோட்டல், பஸ், நுழைவுச் சீட்டு, சாப்பாடு மட்டும் அவர்களுடையது. விமான டிக்கெட் உங்களுடையது. போக வர நீங்களே போடுவதால் தேதி உங்கள் இஷ்டம். இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். டிக்கெட்டுக்காக அவர்கள் கழித்துத் தரும் தொகை குரூப் விலைதான். கடைவிலை அதைவிடக் கூடுதலாக இருக்கும். அடுத்து, சாங்கி விமான நிலையத்தில் குழுவின் பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. குழு போகும் விமானத்திலேயே போடுங்கள். முடியாவிட்டால் அதற்கு முன்னால் இறங்கும் விமானத்தில் போடுங்கள்.

மூன்றாவது, குழுவின் ரிட்டர்னை விட்டுவிட்டுத் தனியாக ஒரு வழி டிக்கெட் வாங்குவது. கேட்க வீண் செலவு போலத் தெரியும். ஆனால் ஏர் ஏசியா, இண்டிகோ மாதிரி மலிவு விமானங்களில் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை. ஒரு வழி டிக்கெட் என்றால் போக வரும் விலையில் ஏறக்குறைய பாதி. முழுச் சேவை விமானங்களில் அப்படி இல்லை. ஒரு வழி மட்டும் வாங்கினால் சில சமயம் போக வரும் விலையையே தொட்டுவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. டீவியேஷனுக்கு ஆளுக்கு 7,000 ரூபாய் கேட்கிறார்கள். ஒரு வழி டிக்கெட் 6,500, அதில் 20 கிலோ லக்கேஜ் சேர்த்தால் 8,500. இப்போது டீவியேஷன்தான் லாபம். 6,500 என்ற எண்ணை மட்டும் பார்த்தவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். ஒப்பிடும்போது லக்கேஜையும் கார்டு கட்டணத்தையும் கூட்டிய பிறகு வரும் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

கூடுதல் நாட்களை டூருக்கு முன்னால் வைக்காதீர்கள். குழுவின் டிக்கெட்டில் போகும் வழியில் ஏறாமல் விட்டால், அதே டிக்கெட்டில் இருக்கும் ரிட்டர்னும் தானாக ரத்தாகிவிடும். கடைசி வழியை விட்டால் அதற்குப் பின்னால் ரத்தாக ஒன்றும் இல்லை. அப்படி விடும்போதும் சொல்லாமல் விடாதீர்கள். புறப்பாட்டுக்கு முன்பே டூர்க்காரர் வழியாக ரத்து செய்யச் சொல்லி, விமான நிலைய வரிகள் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். சிறு தொகைதான் என்றாலும் உங்கள் பணம்.

டூர்க்காரரிடம் வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்:

"அண்ணே, நாங்க 2 பேரு. குரூப்போட போயிட்டு, கோலாலம்பூர்ல டூர் முடிஞ்ச பிறகு 4 நாள் கழிச்சுத் திரும்பணும். எங்களுக்குத் தனி பிஎன்ஆர் போட முடியுமா? டேட் சேஞ்சுக்கு ஆளுக்கு எவ்வளவு? லக்கேஜ் எத்தனை கிலோ? டிக்கெட் இல்லாம லேண்ட் மட்டும் எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க? கடைசி நாள் ஹோட்டல்ல எத்தனை மணி வரைக்கும் ரூம் இருக்கும்?"

தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்பா" என்று வரும் பதில் கணக்கில் சேராது.

விசாவும் வருகை அட்டையும்

டூர்க்காரர்கள் 30 பேருக்கும் ஒரே மாதிரி படிவம் நிரப்பிவிடுவார்கள். அங்கேதான் சிக்கல் முளைக்கிறது. சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டை. இரண்டையும் நுழைவதற்கு முந்தைய 3 நாளுக்குள் அரசு இணையதளத்தில் இலவசமாக நிரப்ப வேண்டும். பணம் கேட்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

மலேசிய அட்டையில் நாட்டை விட்டுக் கிளம்பும் தேதி என்று ஒரு கட்டம் உண்டு. குழுவின் தேதியே உங்களுக்கும் போடப்பட்டிருந்தால், சிங்கப்பூரைத் தாண்டியதும் வரும் மலேசியாவின் ஜோகூர் எல்லையில் அதிகாரி கேட்கும்போது உங்கள் வாயிலிருந்து வரும் தேதி ஒன்று, அட்டையில் இருப்பது ஒன்று என்று ஆகிவிடும். உங்கள் இருவரின் அட்டையை நீங்களே நிரப்புவதாகச் சொல்லிவிடுங்கள். தங்கும் முகவரிக்குக் குழுவின் ஹோட்டலையே போடலாம். பின்னால் தங்கும் ரூமின் ரசீதைக் கையில் வையுங்கள்.

சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை கிடையாது. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி, வருகை அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்கு வரும். டூர்க்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அது அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. ஆளுக்கொரு சொந்த மின்னஞ்சல் கொடுங்கள். விசாவில் இருக்கும் தேதி அதுவரை உள்ளே நுழையலாம் என்பதற்கு. தங்கும் நாட்களை முடிவு செய்வது அந்த மின்னஞ்சல்தான். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

ஜோகூர் போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்கு வர நினைத்தால், உங்கள் விசா பலமுறை நுழையக் கூடியதா என்று பார்த்துவிட்டுப் பாலத்தைத் தாண்டுங்கள்.

பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இசிஆர் என்று இருக்கும்; சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. மலேசியாவும் தாய்லாந்தும் அந்த இசிஆர் நாடுகள் பட்டியலில் உள்ளவை. வேலைக்குப் போனால்தான் எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்ற அந்த அனுமதி தேவை, சுற்றுலாவுக்குத் தேவையில்லை. ஆனாலும் சென்னை விமான நிலையத்தில் கூடுதல் கேள்வி வரும். குழுவோடு போகிறவர் குழுவோடு திரும்பவில்லை என்றால் வேலைக்குத்தான் போகிறாரோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. திரும்பும் டிக்கெட், கூடுதல் நாட்களுக்கான ரூம் புக்கிங், பணம் மாற்றிய ரசீது, வேலை செய்யும் இடத்தில் வாங்கிய லீவு கடிதம், இந்த நாலையும் பேப்பரில் எடுத்துப் போங்கள். செல்போன் சார்ஜ் தீர்ந்தால் பேப்பர்தான் பேசும்.

டிக்கெட் போடும்போது

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். திருச்சிக்கும் தேடுங்கள். சிங்கப்பூரிலிருந்து ஸ்கூட், கோலாலம்பூரிலிருந்து ஏர் ஏசியா என்று திருச்சிக்கு நேரடி விமானங்கள் உண்டு. ஆளுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசிக்கலாம். திருச்சியிலிருந்து எழும்பூருக்கு ரயிலில் 5, 6 மணி நேரம். அதற்குக் கீழே என்றால் ரயில், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்ந்து லாபத்தைச் சாப்பிட்டுவிடும். மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிற திட்டமென்றால் இண்டிகோ 2024 டிசம்பரில் தொடங்கிய சென்னை–பினாங்கு நேரடி விமானத்தையும் பாருங்கள். கிடைத்தால் கோலாலம்பூருக்குத் திரும்பும் ஒரு நாள் மிச்சம்.

வெள்ளி, ஞாயிறு விமானங்களைவிட வாரத்தின் நடுவில் வருபவை பெரும்பாலும் குறைவு. தீபாவளி, பொங்கல், மே மாத விடுமுறை, சீனப் புத்தாண்டு, தைப்பூசம் ஒட்டிய நாட்களில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். பல பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். இணையதளமோ கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போக விடாது. சில கம்பெனிகள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, சில வேறு மாதிரி சொல்கின்றன. அந்தக் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். இனிஷியலை நீங்களாக விரித்து எழுதாதீர்கள்; பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர்.

லக்கேஜ்: ஏர் ஏசியாவின் அடிப்படை விலையில் கையில் கொண்டுபோகும் 7 கிலோ மட்டும். டூரில் சிங்கப்பூரின் முஸ்தபா கடைக்குப் போய்வந்த பிறகு 7 கிலோ யாருக்கும் போதாது. டிக்கெட் போடும்போதே 20 கிலோ வாங்கினால் ஒரு விலை, விமான நிலையக் கவுண்டரில் கட்டினால் அதைவிடப் பல மடங்கு. இருவருக்கும் சேர்த்து ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் பல சமயம் போதும்.

நள்ளிரவு தாண்டிய விமானங்களில் தேதியைக் கவனியுங்கள். 15ஆம் தேதி 00:40 என்றால் 14ஆம் தேதி ராத்திரி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இந்தத் தவறால் மறுநாள் ராத்திரி போய் நிற்பவர்களுக்குப் பணமும் போகும், ஒரு நாள் வாடகையும் போகும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள்; விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. டிக்கெட் மட்டும் அல்லது ரூம் மட்டும் தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது என்று வருமான வரித்துறை 2023இல் விளக்கம் தந்திருக்கிறது. கூடுதல் நாட்களின் ரூமையும் டிக்கெட்டையும் டூர்க்காரரிடமே சேர்த்து வாங்கினால் அந்தத் தொகைக்கும் டிசிஎஸ் சேரும். பிடித்த பணம் உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று பில்லில் பாருங்கள்.

மலிவாகத் தங்க

கோலாலம்பூரில் மூன்று இடங்கள். பசார் செனி, பெட்டாலிங் தெருப் பக்கம் மலிவான விடுதிகள் நிறைய. ரயிலும் பஸ்ஸும் காலடியில். மஸ்ஜித் இந்தியா தெருப் பக்கம் தமிழ் முஸ்லிம் கடைகள், சாப்பாட்டுக்குக் கவலை இல்லை; மண்ணடிக்காரர்களுக்கு அந்நியமாகவே தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். விமான நிலையத்துக்குப் பஸ் பிடிப்பதும் அங்கிருந்து சுலபம். வயதானவர்கள் கூட வந்தால் பிரிக்பீல்ட்ஸைத்தான் எடுக்க வேண்டும்.

டார்மிட்டரிப் படுக்கை சுமார் 30 முதல் 60 ரிங்கிட், சாதாரண இருவர் ரூம் சுமார் 80 முதல் 150 ரிங்கிட். குடும்பமாகப் போகிறவர்களுக்கு டார்மிட்டரியில் மிச்சம் ஒன்றும் இல்லை. மூன்று படுக்கையின் விலைக்குக் கதவு பூட்டும் ரூமே கிடைத்துவிடும்.

செயலியில் தெரியும் விலை முழு விலை இல்லை. மலேசியாவில் வெளிநாட்டவர்கள் ஒரு ரூமுக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் கவுண்டரில் ரொக்கமாகக் கேட்பார்கள். நாலு இரவுக்கு 40 ரிங்கிட். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், ரசீது கேளுங்கள். திருப்பித் தரும் டெபாசிட்டும் வாங்குவார்கள். 80 ரிங்கிட்டுக்குக் கீழே காட்டும் ரூம்களில் ஜன்னல் இருக்கிறதா என்று படத்திலும் விமர்சனத்திலும் பாருங்கள். அந்த ஊர்ப் புழுக்கத்தில் ஜன்னலில்லாத ரூமில் ஏசி பழுதானால் தூங்க முடியாது. விமர்சனங்களில் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கடைசி 3 மாதத்தில் எழுதியவற்றில் "மூட்டைப்பூச்சி", "சத்தம்", "லிப்ட்" ஆகிய மூன்றையும் தேடிப் படியுங்கள்.

முதலில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய ரூமைப் போடுங்கள். டிக்கெட் உறுதியான பிறகு ரத்து செய்ய முடியாத மலிவு விலைக்கு மாறலாம். டிக்கெட் உறுதியாவதற்கு முன் பணம் திரும்பாத ரூமைப் போடுவது எந்தச் சூழலிலும் சரியில்லை.

சிங்கப்பூரிலேயே தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் லிட்டில் இந்தியாவின் டன்லப் தெரு, டிக்சன் சாலைப் பக்கம் உள்ள விடுதிகளைப் பாருங்கள். யாராவது அடுக்குமாடி வீட்டில் ஒரு அறையை 3 நாளுக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம். அங்கே தனியார் வீடுகளை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம்.

நாலு நாளில் ஊர் மாற ஆசை இருந்தால் மலாக்கா 2 மணி நேரம். டிபிஎஸ் என்ற பெரிய பஸ் நிலையத்திலிருந்து வண்டி. பினாங்குக்குக் கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் வரை இடிஎஸ் ரயிலில் சுமார் 4 மணி நேரம், அங்கிருந்து படகு. இரண்டில் ஒன்றைத்தான் எடுங்கள். நாலு நாளில் மூன்று ஊர் என்றால் அதுவும் இன்னொரு பேக்கேஜ் டூராகிவிடும்.

இன்சூரன்ஸும் பணமும்

பேக்கேஜோடு வரும் பயண இன்சூரன்ஸ், டூர் முடியும் தேதியோடு முடிந்துவிடும். நீங்கள் சென்னையில் இறங்கும் நாள் வரை தேதி போடச் சொல்லுங்கள். அங்கே போன பிறகு புதிதாக எடுப்பது கஷ்டம். பெரும்பாலான இந்தியப் பாலிசிகள் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டியவை.

ரிங்கிட்டைப் பாரிமுனைப் பக்கம் உரிமம் உள்ள கடையில் மாற்றி ரசீது வாங்குங்கள். தெருவில் கூப்பிட்டுத் தருகிறவர் பத்துப் பைசா கூடக் கொடுக்கலாம், ரசீது கொடுக்க மாட்டார். மொத்தத்தையும் ரொக்கமாக எடுக்காமல் பாதியை ஃபாரெக்ஸ் கார்டில் போடுங்கள். ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நோட்டாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் எடுத்துப் போக முடியும் என்ற வரம்பும் இருக்கிறது.

குழுவை விட்டுப் பிரியும் நாள்

முந்தின ராத்திரியே டூர் மேனேஜரிடம் மறுபடி சொல்லுங்கள். சில குழுக்களில் பாஸ்போர்ட்டுகளை அவரே வாங்கி வைத்திருப்பார். அதை ராத்திரியே கையில் வாங்குங்கள். காலையில் குழு விமான நிலையத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் உங்கள் பாஸ்போர்ட்டும் பையோடு போய்விட்டால் தேடி ஓட வேண்டியிருக்கும். ஹோட்டல் ரூமில் மினிபார், உடைந்த சாமான் என்று எதுவும் உங்கள் பெயரில் இல்லை என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். புது விடுதியில் மதியம் 2, 3 மணிக்குத்தான் ரூம் தருவார்கள். பெட்டியை மட்டும் காலையிலேயே வைக்கலாமா என்று முன்கூட்டியே செய்தி அனுப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

கனமான சாமான்களை ஊருக்குத் திரும்பும் தெரிந்தவர் பெட்டியில் போட்டு அனுப்பும் யோசனை வரும். சொந்தக்காரர் என்றால் மட்டும் செய்யுங்கள். மற்றவர்களைக் கஸ்டம்ஸில் பதில் சொல்ல வைப்பது நியாயம் இல்லை.

திரும்பும் நாள்

கே.எல்.ஐ.ஏ என்ற கோலாலம்பூர் விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள். ஏர் ஏசியா 2ஆம் முனையம். வேறு கம்பெனி என்றால் டிக்கெட்டைப் பாருங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஆளுக்கு 55 ரிங்கிட், பஸ்ஸுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கவுண்டர் விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடிவிடும். 3 மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள்.

டிக்கெட் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வீடு போய்ச் சேருவதையும் கணக்கில் எடுங்கள். பறக்கும் நேரம் சுமார் 4 மணி. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். மாலை 7 மணிக்குக் கிளம்பினால் இங்கே சுமார் எட்டரைக்கு இறங்கலாம். இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து ஒன்பதரை. விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் பணிமனை வரை நீல வழித்தட மெட்ரோ ஒரே ரயில். மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கும் மாறாமல் போய் இறங்கலாம். இரவு 10 மணிக்கு இறங்கும் விமானம் 500 ரூபாய் குறைவாக இருந்தாலும், சுமார் 11 மணிக்கு மெட்ரோ முடிந்த பிறகு திருவொற்றியூருக்கு டாக்ஸி பிடித்தால் அந்த 500ம் போய் மேலே பணம் போகும். பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்கள் சென்ட்ரலில் இறங்கி பஸ் அல்லது ஆட்டோ பிடிக்க வேண்டும் என்பதால் இன்னும் முன்னால் வரும் விமானமாகப் பாருங்கள்.